படையும் தொண்டும்: கல்முனைக் கரையோர வரலாற்றில் ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவி முடியும் இடத்துக்குத் தெற்கே, கடலுக்கும் நெல்வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பின்மீது ஒரு நெடுஞ்சாலை செல்கின்றது. பெரியநீலாவணையைக் கடந்து அச்சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோன் முதலிலே மருதமுனையின் தறியோசையைக் கேட்பான். அடுத்துப் பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலைக் காண்பான். அதன்பின் கல்முனைக் கடைத்தெரு, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல், சாய்ந்தமருது, மாளிகைக்காடு எனத் தொடர்ந்து, விபுலாநந்த அடிகள் 1892 ஆம் ஆண்டிலே பிறந்த காரைதீவை அடைவான். காரைதீவு முடிய நிந்தவூர் தொடங்கும். இவ்வாறு தமிழர் ஊரும் முஸ்லிம்கள் ஊரும் மாறி மாறி அமைந்துள்ள இக்கரையிலே இரு சாராருக்கும் மொழி தமிழே. நெல்வேளாண்மையும் கடற்றொழிலும் மாத்திரமன்றித் தாய்வழிக் குடிமுறையும் இரு சாராரிடத்தும் காணப்படுவதைச் சமூகவியலார் எடுத்துக் காட்டியுள்ளனர். 1961 ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவானபோது, கச்சேரி உள்நாட்டிலுள்ள அம்பாறை நகருக்குச் சென்றது. கடற்கரையில் வாழ்வோர் தம் கருமங்களுக்கு மேற்கு நோக்கிப் பயணஞ் செய்யவேண்டிய நிலைமை அன்று தொட்டு ஏற்பட்டது.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியளவிலே கடல் இவ்வூர்களின்மீது ஏறிற்று. இலங்கையில் அன்று மாண்ட முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். தீவின் எந்த மாவட்டமும் இத்துணை உயிரை இழக்கவில்லை. காரணம் வெளிப்படை. வயலைக் காத்தற்பொருட்டு வீடுகள் யாவும் கடலோரத்து மணலிலே நெருங்கி எழுந்திருந்தன. சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் ஒரு வளவுக்கும் மறு வளவுக்கும் இடையே வேலி வைக்கவும் இடமில்லாத நெருக்கம் இருந்தது.

இறந்தோரை எடுத்தவரும் இருந்தோருக்குச் சோறிட்டவரும் அவ்வூராரும் அயலூராருமே. பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் அன்று பகலே அகதிகளின் தங்குமிடங்களாயின. அலை எட்டாத உள்நாட்டு ஊர்களிலிருந்து, தமிழர், முஸ்லிம், சிங்களர் என்ற வேறுபாடின்றி மக்கள் உணவுப்பொதிகளுடன் கரைக்கு வந்தனர். அதன் பின்னரே அரசாங்கமும், படைகளும், உலகின் பல திசைகளிலிருந்து தொண்டு நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. அன்று நிலவியதோ போர்நிறுத்தம், போர் முடிந்திருக்கவில்லை. எனவே, ஆயுதந் தாங்கியோரும் அறப்பணி புரிவோரும் ஒரே சாலையிலே ஒருங்கு செல்ல நேரும்போது யாது நிகழும் என்னும் பழைய வினா இக்கரையிலே மறுபடியும் எழுந்தது.

வினா பழையதே. 1859 ஆம் ஆண்டு யூன் 24 ஆம் நாள் வட இத்தாலியிலுள்ள சொல்பரினோப் போர்க்களத்திலே கைவிடப்பட்டுக் கிடந்த காயமுற்றோரைக் கண்ட ஹென்றி டியூனான் என்னும் சுவிற்சர்லாந்து வணிகர், அவர்களைப் பேணுதற்கு ஒரு சங்கம் வேண்டுமென எண்ணினார். 1863 ஆம் ஆண்டிலே செஞ்சிலுவைச் சங்கத்தின் வித்து ஊன்றப்பட்டது. அடுத்த ஆண்டு முதலாவது ஜெனீவா உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. இத்தொண்டு தொடக்கத்திலேயே படைகளின் இசைவோடு நடைபெற வேண்டியதாயிருந்தது என்பது கருதத்தக்கது. படைத்தலைவன் இசையாவிடின் செஞ்சிலுவை பொறித்த வண்டி களத்துள் நுழைதல் இயலாது. ஆயினும் இசைவு பெறுதல் வேறு, உடன் சேர்தல் வேறு. நடுநிலைமை என்னும் கொள்கை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டைக் காத்தற்காகவே எழுந்தது. அக்கொள்கையும் குறைகூறப்படாதிருக்கவில்லை. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவின் பயப்பிரா நாட்டிலே பட்டினியால் மடிந்தோரைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் சிலர், வாய்மூடித் தொண்டு செய்தல் தகாதென வாதாடினர். 1971 இலே எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பு தோன்றியது இவ்வாதத்தின் விளைவேயாகும்.

ஈழத்து வரலாற்றிலே இக்கோட்டின் இருபுறமும் நின்ற நிகழ்ச்சிகள் இரண்டு உள. 1987 ஆம் ஆண்டு யூன் 3 ஆம் நாள் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரால் நிவாரணப் பொருள் ஏற்றி இராமேசுவரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட மீன்பிடிப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய வான்படையின் ஐந்து விமானங்கள், போர் விமானங்கள் காவல் வர, யாழ்ப்பாணத்தின்மீது உணவுப்பொதிகளைப் போட்டன. பூமாலை என்று பெயரிடப்பட்ட அந்நடவடிக்கையில் விழுந்த பொருளின் நிறை ஏறக்குறைய 25 தொன். குடாநாட்டு மக்கள்தொகையை நோக்க அஃது ஒரு வேளைக்கும் காணாது. ஆனால் அதன் அரசியல் நிறை அளவிடற்கரியது. இரண்டு மாதத்துக்குள் இந்தோ–இலங்கை ஒப்பந்தம் எழுந்தது. உணவு அங்கே செய்தியாயிற்று. மற்றையது 1990 ஆம் ஆண்டின் இறுதியிலே நிகழ்ந்தது. யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையைச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் தன் பாதுகாப்பின்கீழ் ஏற்று, அதனைச் சூழ்ந்த நிலப்பரப்பிலே ஆயுதம் புகலாகாதென அரசாங்கத்திடமும் விடுதலைப் புலிகளிடமும் தனித்தனியே இசைவு பெற்றது. இரு படைகளோடும் பேசி, எப்படையோடும் நடவாத முறை அது.

நிற்க. கல்முனைக் கரையிலே படை என்பது ஊருக்கு ஊர் வெவ்வேறு பொருள் தரும் சொல்லாயிருந்தது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் இரண்டாம் ஈழப்போர் மூண்டபோது கல்முனையிலும் அதன் அயலிலும் தமிழ்ப் பொதுமக்கள் பலர் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களும், அடுத்து ஏறாவூர் முஸ்லிம்களும் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். ஒக்டோபரிலே வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அச்செய்திகள் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் எத்தகைய அச்சத்தை விளைத்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே நெடுஞ்சாலையில் நின்ற விசேட அதிரடிப்படைக் காவலரண் பாண்டிருப்பானுக்கு அச்சமாகவும் சாய்ந்தமருதானுக்கு ஓரளவு அரணாகவும் தோன்றிற்று. திருக்கோவிலுக்கு மேற்கே கஞ்சிகுடிச்சாற்றுக் காட்டிலிருந்த புலிகளின் முகாமோ இதற்கு நேர்மாறாகக் காணப்பட்டது. 2002 பெப்ரவரி 22 ஆம் நாள் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை இவ்விரு படைகளையும் அவ்வவற்றின் நிலையிலே நிறுத்திற்று. அவ்வுடன்படிக்கையிலே ஒப்பமிட்டோர் இருவரே: அரசாங்கமும் புலிகளும். இரு படைகளுக்கும் இடையில் வாழ்ந்த முஸ்லிம்களுக்குப் படையில்லை. ஆதலின் ஒப்பமும் இல்லை.

இந்நிலத்திலேதான் 2005 சனவரியிலே கனடா நாட்டின் அனர்த்த உதவிப் படையணி வந்திறங்கிற்று. அதன் பிறப்பு வரலாறு சுவையானது. 1994 ஆம் ஆண்டு ருவாண்டாவிலிருந்து ஓடிய அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது கனடாப் படை மருத்துவர் புறப்பட்டுச் சென்றனர். அவர் போய்ச் சேர்வதற்குள் கொள்ளைநோயின் உச்சம் கடந்துவிட்டது. இனி இவ்வாறு காலந்தாழ்த்தலாகாதெனக் கருதி 1996 ஆம் ஆண்டிலே நீர் சுத்திகரிப்போர், மருத்துவர், பொறியியலாளர் ஆகியோரைக்கொண்ட ஏறக்குறைய இருநூறு பேர் அணி ஒன்றை அந்நாடு அமைத்தது. அவ்வணி அம்பாறைக்கு வந்து பணி தொடங்கியபோதும் அலையடித்து இரு வாரமளவு கழிந்திருந்தது என்பது விதியின் விளையாட்டுப் போலும்.

அவர்கள் செய்த பணி சிறிதன்று. ஏறக்குறைய நாற்பது நாளிலே 7,600 பேருக்கு மேற்பட்டோருக்கு மருத்துவம் செய்தனர். ஏறக்குறைய 35 இலட்சம் லீற்றர் குடிநீரைச் சுத்திகரித்து வழங்கினர். போக்குவரத்து அறுந்த இடத்திலே மக்களை நீர்கடத்தி விட்டனர், அவ்வாறு கடந்தோர் தொகை எழுபதினாயிரம் எனக் கணக்கிடப்பட்டது. வந்தவர் பிறநாட்டுப் படையினர்; உள்நாட்டுப் போரிலே எப்பக்கமும் சாராதவர். அவர்கள் மருத்துவக் குழுக்களாய்ப் பிரிந்து ஊரூராய்ச் சென்றமை பயன் தந்தது. படையென்றாலே தொண்டுக்குப் பகையென ஒரே மூச்சிற் கூறுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

எனினும் கணக்கொன்று போட்டுப் பார்த்தல் நன்று. 35 இலட்சம் லீற்றரை நாற்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 87,500 லீற்றர் வரும். இடர்ப்பட்ட ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆகக் குறைந்தது 15 லீற்றர் நீர் வேண்டுமென, தொண்டு நிறுவனங்கள் தமக்குள் வகுத்த ஸ்பியர் அளவைகள் கூறுகின்றன. அவ்வளவிற்பார்த்தால் அப்பெரும் இயந்திரங்கள் தாங்கியவர் தொகை ஆறாயிரத்துக்கும் குறைவு. கல்முனை மாநகரப் பரப்பிலே மட்டும், 2012 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி, ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். ஏனையோர் குடித்தது எந்நீர்? தாங்கி ஊர்திகளிலே வந்த நீரும், அயலூர்க் கிணற்று நீருமேயாம்.

கிணற்றின் கதை சிறிது விரித்துரைக்கத் தக்கது. இக்கரையில் வாழ்வோர் நெடுங்காலமாக வளவுக் கிணற்று நீரையே நம்பி வாழ்ந்தவர். மணலின் கீழே உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நன்னீர் மிதக்கின்றது. பதினைந்தடி ஆழத்திலேயே நீர் ஊறும். அலை அக்கிணறுகளை உவர்நீராலும் சேற்றாலும் நிரப்பிற்று. உதவ வந்தோர் நீரிறைக்கும் பொறிகளைக் கொணர்ந்து கிணறுகளை இறைத்தனர். இறைத்த பின்னும் உப்புக் கரிக்கவே மீண்டும் இறைத்தனர். ஒரு நிறுவனம் இறைத்த கிணற்றை மற்றொரு நிறுவனம் வந்து இறைத்ததும் உண்டு. மிகுதியாக இறைக்குந்தோறும் மேலே மிதக்கும் நன்னீர் குறைந்து கீழேயுள்ள உவர்நீர் மேலெழும் என்பதைக் கீழ்க்கரையிற் பின்னர் நடந்த நிலத்தடி நீராய்வுகள் தெளிவாக்கின. மாரி மழை பெய்து மணலைக் கழுவினாலன்றி அக்கிணறுகள் தேறா. அதற்கு மாதங்கள் வேண்டும், சில இடங்களிலே ஆண்டும் வேண்டும். படையின் காலக்கணக்கு நாற்பது நாள். கிணற்றின் காலக்கணக்கு இரண்டு மாரி.

அஞ்சிய கொள்ளைநோய் இலங்கையிலே வாராதொழிந்ததற்கும் காரணத்தை இயந்திரங்களிடத்து மாத்திரம் தேடுதல் பொருந்தாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல மருத்துவமாதரும் முகாம்தோறும் சென்று மலசலகூடம், நீர், தடுப்பூசி என்பவற்றை நாள்தோறும் பார்த்தனர். வெளிநாட்டுப் பத்திரிகைகளிலே படம் வெளிவந்தது உலங்குவானூர்திக்கே.

இனி உள்நாட்டுப் படைகளைப் பற்றிக் கூறுதல் வேண்டும். விசேட அதிரடிப்படையினர் பிணம் அகற்றினர், பாதை திறந்தனர். புலிகளின் பகுதிகளிலே தமிழர் புனர்வாழ்வுக் கழகம் முனைந்து தொழிற்பட்டது. ஆனால் 2005 சனவரித் தொடக்கத்திலே அரசாங்கம் அகதி முகாம்களின் நிருவாகத்திலே படையினரை ஈடுபடுத்தியபோது புலிகள் அதனை வன்மையாக எதிர்த்தனர். நிவாரணப் பொருளை மறித்தனர், திருப்பினர், தமதென்று பெயர் பொறித்தனர் என இரு தரப்பாரும் ஒருவர்மீதொருவர் குற்றஞ் சுமத்தினர். அம்மாதம் இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் கோபி அனான் புலிகளின் பகுதிக்குச் செல்லுதற்கு அரசாங்கம் இசையவில்லை. அரிசி மூட்டை எவர் கையால் இறங்குகின்றது என்பதே நிலத்துக்கு எவர் உரியர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்ட காலம் அது. தொண்டு நிறுவனத்தார் காவலரணில் வணக்கஞ் சொல்லி நிற்பதும், அதிகாரியின் ஊர்தியின் பின்னே செல்வதும், தம்மளவில் வெறும் ஒழுங்குமுறைகளே. மறுபுறத்து ஊரிலிருந்து பார்ப்போருக்கு அவை அணிசேர்தலாகத் தோன்றும். முந்திய ஆண்டிலேதான், 2004 யூனிலே, ஆப்கானித்தானத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஊழியர் ஐவர் கொல்லப்பட, அவ்வமைப்பு இருபத்துநான்கு ஆண்டுப் பணியை விட்டு வெளியேறிற்று. அந்நாட்டிலே வெளிநாட்டுப் படையினர் உதவியையும் உளவையும் ஒன்றாய்ப் பிணைத்த துண்டுப்பிரசுரங்களை வழங்கியமை மருத்துவரையும் படையினராக்கிவிட்டதென அவ்வமைப்பு முறையிட்டது.

இச்சிக்கலைத் தீர்த்தற்கு இலங்கையில் எடுக்கப்பட்ட பெருமுயற்சி 2005 ஆம் ஆண்டின் பொதுக் கட்டமைப்பாகும். அரசாங்கமும் புலிகளும் வெளிநாட்டு உதவியை ஒருங்கே பங்கிடுதற்கு வகை செய்த அவ்வுடன்பாடு யூன் 24 ஆம் நாள் கைச்சாத்திடப்பட்டது. சொல்பரினோப் போர் நிகழ்ந்ததும் ஒரு யூன் 24 ஆம் நாளே. வடக்குக் கிழக்கின் ஆறு மாவட்டங்களிலே கடலோரத்து இரண்டு கிலோமீற்றர் நிலம் அதன் ஆட்சிக்குட்பட்டது. கொழும்பிலே உயர்மட்டக் குழு, கிளிநொச்சியிலே பிராந்தியக் குழு, அதன்கீழ் மாவட்டக் குழுக்கள் என மூன்று படிகள் வகுக்கப்பட்டன. பிராந்தியக் குழுவின் பத்து இடங்களிலே ஐந்து புலிகளுக்கு, மூன்று முஸ்லிம்களுக்கு, இரண்டு அரசாங்கத்துக்கு.

போராடிய இரு தரப்பாரை ஒரே மேசையிலே அமர்த்திய வகையில் இஃது அரிய முயற்சி என்பதில் ஐயமில்லை. பகையாளிகள் கணக்குப் புத்தகத்தைப் பொதுவாக வைத்திருந்தால் துவக்கைத் தூக்கச் சற்றே தயங்குவர் என்ற எண்ணத்தில் நியாயம் உண்டு. ஆயின், அலையால் மிகப் பெரும் இழப்பெய்திய மாவட்டம் அம்பாறை. அங்கே மாண்டோருள்ளும் வீடிழந்தோருள்ளும் பெருந்தொகையினர் முஸ்லிம்கள். அவர்களுக்குக் குழுவிலே ஆசனம் கிடைத்தது, உடன்படிக்கையிலே ஒப்பமிடும் உரிமை கிடைக்கவில்லை. கல்முனையிற் கட்டப்படவேண்டிய வீட்டைப்பற்றிய முடிவு, தம்மை முன்னர் வருத்தியோர் பெரும்பான்மையாயிருக்கும் குழுவொன்றிலே, தொலைவிலுள்ள கிளிநொச்சியிலே எடுக்கப்படும் என்பதைக் கேட்டு அம்மக்கள் கலங்கினர். கிழக்கிலே கடையடைப்புக்கள் நிகழ்ந்தன. இதனை இனப்பொறாமை எனத் தள்ளிவிடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. படைகள் இரண்டு தமக்குள் இசைந்தால் உதவி தடையின்றிச் செல்லும் என்பது அவ்வுடன்பாட்டின் அடிப்படை. படையுடையோரே பேச்சுக்குரியோர் என்னும் அளவுகோலும் அதனுள்ளே மறைந்து கிடந்தது. அவ்வளவுகோலால் அளந்தபோது பத்தாயிரம் பிணங்களின் கரை நிறை குறைந்ததாயிற்று. தெற்கிலே எழுந்த எதிர்ப்பு இதற்கு முற்றிலும் வேறானது. மக்கள் விடுதலை முன்னணி அரசாங்கத்தை விட்டு விலகி, உயர் நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தது. யூலை 15 ஆம் நாள் நீதிமன்றம் கிளிநொச்சியில் அமையவிருந்த குழு, பிராந்திய நிதியம் முதலியவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு ஒரு நாளேனும் தொழிற்படாது ஒழிந்தது. முஸ்லிம்களின் முறையீடு விடையின்றியே நின்றது.

2006 ஆம் ஆண்டிலே போர் மீண்டது. ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திலே திருகோணமலை மாவட்டத்து மூதூரை இரு படைகளும் பொருதுகளமாக்க, அவ்வூர் முஸ்லிம்கள் கந்தளாய் நோக்கி நடந்தனர். அங்கே நீர், சுகாதாரப் பணி செய்துவந்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர் ஊழியர் பதினெழுவர், நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையுடன், தம் அலுவலக வளவிலே சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச படைகளையே பொறுப்பாளியாக்கிற்று, அரசாங்கம் மறுத்தது. அடுத்த மாதம் அம்பாறைக் கரையின் தென்கோடியிலே, பொத்துவிலுக்கு அப்பால், தொழிலுக்குச் சென்ற முஸ்லிம் தொழிலாளர் பதின்மர் கொல்லப்பட்டனர். அரசாங்கம் புலிகளைக் குறை கூறிற்று. பொத்துவில் மக்களோ விசேட அதிரடிப்படையினரை ஐயுற்று, அவர்களை அகற்றுமாறு கடையடைத்துக் கோரினர். இரண்டாண்டுக்கு முன் அலையின் இடிபாட்டை அகற்றிய அதே சீருடை அது.

படைச் சாதனங்களை நிவாரணத்திற்குப் பயன்படுத்துதல் பற்றி 1994 ஆம் ஆண்டு ஒஸ்லோவிலே வகுக்கப்பட்ட நெறிமுறைகள், கடற்கோளின் அனுபவத்தின் பின்னர் 2006 இலும் 2007 இலும் திருத்தி வெளியிடப்பட்டன. வேறு வழியில்லாதபோதே படையை நாடுதல் வேண்டும், அதன் பணி குறித்த காலத்தோடு முடிதல் வேண்டும், ஆளுதல் குடிமை அதிகாரிகளிடமே இருத்தல் வேண்டும் என்பன அவற்றின் சாரம். அரசுகளையும் உலக நிறுவனங்களையும் நோக்கி எழுதப்பட்டவை அவை. கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் காரைதீவிலும், முதல் நாளிலே பிணத்தை எண்ணியதும், எவர் வீட்டில் எத்துணைப் பேர் எஞ்சினர் என்று எழுதியதும் பள்ளிவாசல் நிருவாக சபைகளும் கோயிற் பரிபாலன சபைகளுமே. பின்வந்த குழுவினர் பலரும், கனடாப் படையினர் உட்பட, எங்கே செல்லவேண்டும் என்பதை அறியத் தொடங்கியது அவ்வூரார் வாய்மொழியிலிருந்தேயாகும்.